குறியைத் தொடுமுன் குழலைப் பார்த்தவர்

தேசிய மாணவர் படை முகாமில் குறிபார்த்துச் சுடும் பயிற்சி நடந்தபோது, என் நண்பன் சுட்ட ஐந்து குண்டுகளும் அட்டையில் ஐந்து திசைகளில் போய் விழுந்தன. துப்பாக்கியின் குறி கோணலாக இருக்கிறது, திருத்திக் கொடுங்கள் என்று அவன் ஹவில்தாரிடம் முறையிட்டான். ஐந்தும் ஒரே இடத்தில் தவறி விழுந்திருந்தால் குறியைத் திருத்தலாம். ஐந்தும் ஐந்து இடத்தில் விழுந்தால் குறியை எந்தப் பக்கம் நகர்த்துவது என்று அவர் திருப்பிக் கேட்டார். நாங்கள் சிரித்தோம். பிறகு ஒருநாள் நூலகத்தில் ஜோசப் விட்வொர்த்தின் வரலாற்றைப் படித்தபோதுதான், இதே கேள்வியைப் பிரிட்டிஷ் அரசாங்கத்தின் முன்னேயே வைத்த மனிதர் ஒருவர் உண்டு என்பது தெரிந்தது.

விட்வொர்த் என்ற பெயர் நம் ஊர்ப் பட்டறைகளுக்குப் புதிதன்று. பழைய இயந்திரம் ஒன்றுக்கு நட்டும் போல்ட்டும் தேடிப் போனால், விட்வொர்த் மரையா, மெட்ரிக் மரையா என்று கேட்பார்கள். அது ஒரு மனிதரின் பெயர் என்பதை நினைப்பவர் சிலரே.

அவர் 1803 டிசம்பர் 21 அன்று இங்கிலாந்தில் ஸ்டாக்போர்ட் என்ற ஊரில் பிறந்தார். தந்தை பள்ளி ஆசிரியர்; சமயப் பணியும் செய்தவர். பதினான்கு வயதில் பஞ்சாலை நடத்திய உறவினரிடம் தொழில் கற்க அனுப்பப்பட்டார். ஆலைக் கணக்கைவிட ஆலை இயந்திரங்களே சிறுவனின் மனத்தைக் கவர்ந்தன. சில ஆண்டுகளில் அங்கிருந்து வெளியேறி மான்செஸ்டரில் இயந்திரத் தொழிலாளி ஆனார். 1825இல் லண்டன் சென்று, அக்காலத்தின் தலைசிறந்த கைவினைஞரான ஹென்றி மாட்ஸ்லேயின் பட்டறையில் சேர்ந்தார். கணிப்பொறியின் முன்னோடியான பாபேஜின் கணக்கு இயந்திரத்தைச் செய்துகொண்டிருந்த ஜோசப் கிளமெண்டிடமும் பணியாற்றினார். 1833இல் மான்செஸ்டருக்குத் திரும்பிச் சொந்தப் பட்டறை தொடங்கினார்.

அவருடைய முதற்பெரும் சாதனை பார்வைக்கு மிக எளியது. ஓர் இரும்புப் பலகையை உண்மையான சமதளமாக்குவது. இரண்டு பலகைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் தேய்த்தால், ஒன்று குழிந்தும் மற்றொன்று புடைத்தும் இருந்தாலும் இரண்டும் பொருந்திவிடும். மூன்று பலகைகளை எடுத்து, எந்த இரண்டை வைத்தாலும் பொருந்தும்படி மேடுகளைச் சுரண்டிக்கொண்டே வந்தால், மூன்றும் சமதளமாவதைத் தவிர வேறு வழியில்லை! 1840இல் இம்முறையை அறிஞர் அவையில் எடுத்துரைத்தார். மறு ஆண்டே, பட்டறைக்குப் பட்டறை வேறுபட்டுக் கிடந்த மரைகளுக்கு 55 பாகைக் கோணத்தில் ஒரே அளவுமுறையை முன்வைத்தார். 1851இல் லண்டன் பெரும் பொருட்காட்சியில், அங்குலத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வேறுபாட்டையும் காட்டும் அளவுக் கருவியை வைத்துப் பார்த்தோரை வியக்க வைத்தார்.

இத்தகைய மனிதரைத்தான் 1854இல், கிரிமியப் போர் மூண்ட காலத்தில், பிரிட்டிஷ் அரசு அழைத்தது. என்பீல்டு துப்பாக்கிகளைப் பெருமளவில் செய்ய இயந்திரங்கள் வேண்டும் என்றது. அது வாய்வழியாக மருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்கும் துப்பாக்கி. (அதன் தோட்டா உறையில் பூசிய கொழுப்பே 1857இல் நம் நாட்டுச் சிப்பாய்கள் கொதித்தெழ ஒரு காரணமாயிற்று என்பதை வரலாற்று மாணவர்கள் அறிவர்.) அதற்கு முன்முனையில் ஒரு குறியும், பின்னால் தூரத்துக்கேற்ப ஏற்றி இறக்கும் ஏணி போன்ற ஒரு குறியும் உண்டு. ஆனால் ஒரே குறியில் வைத்துச் சுட்ட குண்டுகள் ஒரே இடத்தில் விழவில்லை. சில குழல்கள் நன்றாகச் சுட்டன, சில சுடவில்லை. ஏன் என்று எவருக்கும் தெரியவில்லை. நல்ல குழல் எது, கெட்ட குழல் எது என்று அறியாமல் அதைச் செய்யும் இயந்திரத்தை எப்படி அமைப்பது என்பதே விட்வொர்த்தின் நிலை. முதலில் ஆராய்ச்சி, பிறகே இயந்திரம் என்று உறுதியாக நின்றார்.

இங்கே குறியைத் திருத்தும் கலையைச் சற்றே விளக்கவேண்டும். குண்டு இடப்பக்கம் விழுந்தால் பின்குறியை வலப்பக்கம் நகர்த்த வேண்டும். குண்டு போகவேண்டிய திசையிலேயே பின்குறி போகும். முன்குறிக்கு இது நேர்மாறு. முன்குறியின் தலையை அரத்தால் சிறிது தேய்த்தால் குண்டு மேலே ஏறும். தேய்த்ததைத் திரும்ப வளர்க்க முடியாது என்பதால் பொறுமையாகத் தேய்க்க வேண்டும். வாய்வழித் துப்பாக்கியில் இன்னொரு சங்கடம். மருந்தின் அளவு மாறினால் குண்டு விழும் உயரமும் மாறும். ஒவ்வொரு வேட்டுக்கும் குழலில் படியும் கரியும் தன் பங்குக்கு விளையாடும். ஆகவே ஒரே அளவு மருந்து, ஒரே எடைக் குண்டு, ஒரே வகைத் துடைப்பு என்று வைத்துக்கொண்டு பல வேட்டுகள் சுட்டுப் பார்த்த பிறகே குறியில் கை வைக்கலாம்.

கை வைத்தால் எவ்வளவு? இயற்பியல் மாணவனுக்கு இது ஒத்த முக்கோணக் கணக்கு. இரு குறிகளுக்கும் இடைவெளி 30 அங்குலம் என்று கொள்வோம். 500 கஜம் என்பது 18,000 அங்குலம். அதாவது 600 மடங்கு. பின்குறியை அங்குலத்தில் நூற்றில் ஒரு பங்கு நகர்த்தினால், இலக்கில் குண்டு 6 அங்குலம் நகர்ந்துவிடும். நுண்ணளவுக்கே வாழ்நாளை ஒப்படைத்தவரிடம் இந்த வேலை வந்து சேர்ந்தது பொருத்தம்தானே?

மான்செஸ்டரில் தம் வீட்டு நிலத்தில் 500 கஜ நீளத்துக்குக் கூரையிட்ட கூடம் ஒன்றை எழுப்பினார். காற்று குண்டை அலைக்கழிக்காதிருக்கவே அந்தக் கூரை. அந்தக் காற்றே புயலாக வந்து கூடத்தைச் சாய்த்தது! மீண்டும் கட்டி, 1855இல் ஆய்வைத் தொடங்கினார். வழிநெடுக மெல்லிய தாள் திரைகளை நிறுத்தி, குண்டு துளைத்த துளைகளைக் கொண்டு அதன் பாதையைக் கண்டார். குழலின் விட்டம், உட்புறத் திருகின் வேகம், குண்டின் நீளம் ஆகியவற்றை மாற்றி மாற்றிச் சுட்டார். என்பீல்டின் குழல் 0.577 அங்குல விட்டமுடையது. அதன் திருகு 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. விட்வொர்த் இறுதியில் அமைத்த குழலோ 0.451 அங்குலம், திருகு 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று. துளை வட்டமாக இல்லை, அறுகோணம். குண்டின் எடை 530 கிரெயின், அதாவது ஏறத்தாழ 34 கிராம். அது ஒல்லியாகவும் நீளமாகவும் இருந்தது; குழலின் விரைவான திருகால் வேகமாகச் சுழன்று நேராகச் சென்றது.

1857இல் ஹைத் பயிற்சிப் பள்ளியில் இரண்டும் போட்டியிட்டன. 500 கஜத்தில் என்பீல்டின் சராசரி விலகல் 2.24 அடி; விட்வொர்த்துக்கு 0.37 அடி. 800 கஜத்தில் 4.11 அடிக்கு எதிராக ஓர் அடி. எனினும் படைத்துறை அதை ஏற்கவில்லை. குழல் மிகக் குறுகியது, கரி விரைவில் அடைக்கிறது, விலை அதிகம் என்றார்கள். அவருடைய பிடிவாதக் குணமும் நண்பர்களைத் தேடித் தரவில்லை என்று எண்ணத் தோன்றுகிறது. ஆயினும் கரியைப் பற்றிய குறை பொய்யன்று. போர்க்களம் கூரையிட்ட கூடமன்று அல்லவா?

1860 ஜூலை 2 அன்று விம்பிள்டனில் தேசியத் துப்பாக்கிச் சங்கத்தின் முதற் போட்டி. விக்டோரியா அரசியார் முதல் வேட்டைச் சுட்டுத் தொடங்கி வைக்க வேண்டும். நாட்டின் கண்களெல்லாம் இலக்கின் மேல். குண்டு எங்கோ போனால் கெடுவது விட்வொர்த்தின் பெயர். துப்பாக்கியை இரும்புத் தாங்கியில் அசையாமல் பூட்டி, 400 கஜத்துக்குக் குறியை அமைத்து வைத்தார்கள். அரசியார் பட்டுக் கயிற்றை மெல்ல இழுத்தார். குண்டு இலக்கின் நடுப்புள்ளிக்கு 1.25 அங்குலத்தில் பதிந்தது. மேற்சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். பின்குறியில் அது ஆயிரத்தில் மூன்று பங்கு அங்குலத்துக்கும் குறைந்த பிழை!

இந்த நுட்பத்துக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படையினர் இத்துப்பாக்கிகளைச் சிறு எண்ணிக்கையில் வரவழைத்துத் தேர்ந்த சுடுநர்களிடம் கொடுத்தனர். சிலவற்றில் குழலின் இடப்பக்கம் தொலைநோக்கிக் குறி பொருத்தப்பட்டது. அதை வகுத்த டேவிட்சன், பம்பாய்ப் படையில் பணிபுரிந்த அதிகாரி. 1864 மே 9 அன்று ஸ்பாட்சில்வேனியாவில் வட மாநிலத் தளபதி செட்ஜ்விக் நெடுந்தொலைவிலிருந்து வந்த குண்டுக்கு இரையானார். அது விட்வொர்த் குண்டு என்றே மரபாகச் சொல்லப்படுகிறது. சமதளப் பலகையைச் சுரண்டிய கைகள் இதையும் செய்தன என்பதை எண்ணும்போது மனம் சற்றுத் தயங்குகிறது.

1868இல் இயந்திரவியல் பயிலும் இளைஞர்களுக்கு ஆண்டுக்கு 100 பவுன் வீதம் 30 உதவித்தொகைகளை நிறுவினார். கைத்தொழிலாளிகளும் போட்டியிடலாம் என்பது அதன் சிறப்பு. மறு ஆண்டு பாரனெட் பட்டம் கிடைத்தது. 1871இல் படைத்துறை ஏற்ற மார்ட்டினி-ஹென்றி, பின்வழியே தோட்டா இடும் புதுவகைத் துப்பாக்கி. அதன் குழல் விட்டம் 0.45 அங்குலம், திருகு 22 அங்குலத்துக்கு ஒரு சுற்று. மிகக் குறுகியது என்று தள்ளிய அளவுக்கே பதினான்கு ஆண்டுகளில் வந்து சேர்ந்தார்கள். அதில் விட்வொர்த்தின் பெயர் மட்டும் இல்லை.

அவர் 1887 ஜனவரி 22 அன்று மான்டி கார்லோவில் காலமானார். மக்கட்பேறு இல்லாத அவருடைய செல்வம் மான்செஸ்டரில் கலைக்கூடமாகவும் பூங்காவாகவும், அவர் அடக்கம் செய்யப்பட்ட டார்லி டேல் ஊரில் மருத்துவமனையாகவும் மாறியது.