ராஜா தேசிங்கு தமிழரா? 'நம்ம ஊரு ராஜா'வின் கதை

பைக்கில் பறப்பவரைப் பார்த்து, பெரிய தேசிங்கு ராஜான்னு நினைப்பா என்று இன்னைக்கும் கிண்டலடிப்பவர்கள் உண்டு. 2013-ல் விமல் நடித்த படத்துக்கும் அதே பெயர்தான். இவ்வளவு நம்ம ஆளாகிவிட்ட தேசிங்கு, பிறப்பால் தமிழரே கிடையாது.

நிஜப் பெயர் தேஜ் சிங். வட இந்தியாவின் புந்தேல்கண்ட் பகுதியைச் சேர்ந்த ராஜபுத்திரக் குடும்பம். 1698-ல் மராட்டியரிடமிருந்து செஞ்சியைப் பிடித்த முகலாயர்கள், பிறகு கோட்டைப் பொறுப்பை இவருடைய அப்பா சொரூப் சிங்கிடம் கொடுத்தார்கள். 1714-ல் அப்பா இறக்க, மகன் கைக்குக் கோட்டை வந்தது. கூடவே கப்பப் பாக்கியும் வந்தது.

பாக்கியைக் கட்டச் சொன்னார் ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான். தேசிங்கு மறுத்தார். நவாபிடம் பெரும்படை, இவரிடம் சில நூறு குதிரை வீரர்கள்தான். ஜெயிக்க வாய்ப்பே இல்லாத சண்டை அது. நண்பர் மகபத்கான் தன் கல்யாணத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்ததாகக் கதைப்பாடல் சொல்கிறது. 1714 அக்டோபர் 3 அன்று, செஞ்சிக்குப் பக்கத்தில் தேவனூர் அருகே இருவருமே இறந்தார்கள். தேசிங்குக்கு அப்போது வயது 22 இருக்கும் என்கிறார்கள். இளம் மனைவி உடன்கட்டை ஏறினார். ராணிப்பேட்டை என்ற ஊர்ப் பெயர் அவர் நினைவாக வந்தது என்பார்கள்.

ஆண்டது ஒரு வருடம்கூட முழுசாக இல்லை. கோயில், குளம் என்று எதுவும் பெரிதாகக் கட்டிவிடவும் இல்லை. ஆனால் தெருப்பாடகர்கள் விடவில்லை. தேஜ் சிங்கை நாக்குக்கு வசதியாகத் தேசிங்கு ஆக்கினார்கள், குதிரைக்கு நீலவேணி என்று அழகான தமிழ்ப் பெயர் வைத்தார்கள். 1960-ல் சினிமாவில் தேசிங்காக நடித்தவர் எம்.ஜி.ஆர். அவர் பிறந்தது இலங்கையின் கண்டியில் என்பது தனிக்கதை.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராட்டிய ராணுவக் கோட்டைகள் பட்டியலில் செஞ்சியையும் சேர்த்தது. 12 கோட்டைகளில் மகாராஷ்டிராவுக்கு வெளியே இருப்பது இது மட்டும்தான். உடனே எழுந்த கேள்வி: இது யாருடைய கோட்டை? கோனார்கள், நாயக்கர்கள், பீஜப்பூர் சுல்தான்கள், மராட்டியர்கள், முகலாயர்கள், பிரெஞ்சுக்காரர்கள், ஆங்கிலேயர்கள் என எல்லோர் கையிலும் இருந்த இடம் இது. சுத்தத் தமிழ்க் கோட்டை என்று பிறப்பை வைத்துக் கணக்குப் போட்டால், முதலில் வெளியே போக வேண்டியவர் தேசிங்குதான். அதற்கு செஞ்சிக்காரர்கள் சம்மதிக்க மாட்டார்கள்.

தேசிங்கு எரியூட்டப்பட்டது செஞ்சியின் செட்டிகுளக் கரையில். மகபத்கானுக்கும் குதிரைக்கும் நீலாம்பூண்டியில் சமாதி இருக்கிறது.