வார்சாவின் இளந்தலைவர்

போலந்து நாட்டின் தலைநகரான வார்சா, விஸ்துலா ஆற்றங்கரையில் அமைந்தது. அந்நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் வளர்ந்தவர் மொர்தெகாய் அனியேலெவிச். அவர் 1919ஆம் ஆண்டில், அருகிலுள்ள விஷ்கூவ் என்னும் சிற்றூரில், யூதக் குடும்பத்தில் பிறந்தார். வறுமையிலும் உயர்நிலைப் பள்ளிக் கல்வியை முடித்தார். ஹஷோமேர் ஹட்சாயிர் என்னும் யூத இளைஞர் இயக்கத்தில் சேர்ந்து, தம்மினும் இளையோருக்கு வழிகாட்டியானார். அப்பெயருக்கு இளங்காவலர் என்பது பொருள்.

1939 செப்டம்பர் முதல் நாள் நாஜிப் படைகள் போலந்தின்மீது பாய்ந்தன. அனியேலெவிச் தோழர்களுடன் கிழக்கு நோக்கிப் புறப்பட்டார். ருமேனியா வழியாகப் பாலஸ்தீனத்திற்கு ஒரு பாதை காண முயன்று, சோவியத்துக் காவலரிடம் அகப்பட்டுச் சிறை சென்றார். விடுதலையானபின் வில்னா நகரை அடைந்தார். அங்கு ஜெர்மானியர் இன்னும் வரவில்லை. அங்கேயே தங்கியிருந்தால் அவரைக் குறை கூறுவார் எவருமிலர். ஆயினும், மூத்தோர் அனைவரும் வெளியேறிவிட்டால் போலந்தில் எஞ்சிய சிறுவர்களுக்கு யார் துணை என்னும் கேள்வி அவரை உறுத்தியது. 1940ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தோழி மீரா ஃபுக்ரெருடன், தாமே விரும்பி வார்சாவுக்குத் திரும்பினார்.

அவ்வாண்டு நவம்பரில் நகரின் ஒரு பகுதியைச் சுவரெழுப்பி அடைத்தனர் நாஜிகள். கெட்டோ எனப்பட்ட அவ்விடத்தில் 4 இலட்சத்திற்கும் மேற்பட்ட யூதர் நெருக்கி அடைக்கப்பட்டனர். பசியும் நச்சுக்காய்ச்சலும் நாள்தோறும் உயிர் குடித்தன. அந்நரகத்தினுள்ளே அனியேலெவிச் செய்தது என்ன தெரியுமா, மாணவர்களே? பாடம் நடத்தினார்! மறைவான அறைகளில் படிப்பு வட்டங்களைக் கூட்டினார். இரகசிய இதழில் எழுதினார். வரலாற்றறிஞர் இம்மானுவேல் ரிங்கெல்பிளமிடம் நூல்களை இரவல் வாங்கிப் படித்தார்.

1942 ஜூலை 22ஆம் நாள் பேரழிவு தொடங்கியது. கிழக்கே குடியமர்த்துவதாகப் பொய் கூறி, மக்களைச் சரக்கு வண்டிகளில் ஏற்றித் திரெப்லிங்கா கொலைமுகாமுக்கு அனுப்பினர். இரண்டே மாதங்களில் ஏறத்தாழ 2,65,000 பேர் அவ்வாறு கொண்டுசெல்லப்பட்டனர். அப்பொழுது இயக்கப் பணிக்காகத் தென்மேற்குப் போலந்தில் இருந்த அனியேலெவிச், திரும்பி வந்தபோது கண்டவை வெறிச்சோடிய வீதிகளே. எஞ்சியோர் 60,000 பேர் அளவினரே.

எதிர்த்துப் போரிடுவது பற்றி முன்பே பேச்சு எழுந்ததுண்டு. மூத்த தலைவர் பலர் தயங்கினர். ஒருவர் கல்லெறிந்தாலும் நூறு பேரைக் கொல்வது நாஜிகளின் வழக்கம். உழைத்துக் கொடுத்தால் சிலரேனும் பிழைக்கலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. அதனைக் கோழைத்தனம் எனல் தகாது. குழந்தைகளை வைத்திருப்போர் வேறெவ்வாறு எண்ணுவர்? ஆனால் ஜூலைக்குப் பின் அந்நம்பிக்கைக்கு இடமில்லை. நவம்பரில் அனியேலெவிச் யூதப் போராளி அமைப்பின் தளபதியானார்.

மூன்றாண்டுகளைப் படிப்பிலும் பண்பாட்டுப் பணியிலும் வீணாக்கிவிட்டோமே, அன்றே ஆயுதப் பயிற்சி அளித்திருக்கலாகாதா என்று அவர் வருந்தியதாக ரிங்கெல்பிளம் எழுதி வைத்துள்ளார். ஆசிரியத் தொழிலில் இருக்கும் எனக்கு இவ்வரியைக் கடந்து செல்வது எளிதாக இல்லை. அவர் வருத்தம் நியாயமானது. எனினும், அவருடன் நின்று போரிட்டோருள் பலர் அப்படிப்பு வட்டங்களிலிருந்தே வந்தவர்கள் என்பதையும் மறத்தற்கில்லை.

1943 ஜனவரி 18ஆம் நாள் மீண்டும் ஆள்பிடிக்க வந்தனர் நாஜிகள். அனியேலெவிச்சும் தோழர் சிலரும் பிடிபட்டோர் வரிசையில் தாமாகவே கலந்து நடந்தனர். குறித்த தெருமுனையில் திடீரெனச் சுட்டனர். வரிசையிலிருந்த மக்கள் சிதறி ஓடினர். தோழருட் பெரும்பாலோர் மாண்டனர், அவர் தப்பினார். நான்கு நாள்களில் ஆள்பிடிப்பு நின்றது. அதன்பின் கெட்டோ மக்கள் நிலவறைகள் தோண்டத் தொடங்கினர். போலந்தின் இரகசியப் படையிடமிருந்து கிடைத்த கைத்துப்பாக்கிகள் சில; விலைக்கு வாங்கியவை சில; தாமே செய்த எரிகுப்பிகள் பல.

ஏப்ரல் 19, யூதரின் பாஸ்கா விழாவிற்கு முந்திய நாள். கெட்டோவை அடியோடு அழிக்கப் படை நுழைந்தது. போராளி அமைப்பினர் ஏறத்தாழ 500 பேர். மற்றோர் அமைப்பினரும் தனியே போரிட்டனர். முதல் நாள் ஜெர்மானியர் பின்வாங்க நேர்ந்தது. பின்னர் ஷ்ட்ரோப் என்னும் தளபதி வீடுவீடாகத் தீயிட்டான். சுவருக்கு வெளியே இருந்த தோழர் இட்சாக் சுக்கர்மனுக்கு ஏப்ரல் 23இல் அனியேலெவிச் ஒரு மடல் விடுத்தார். தம் வாழ்வின் கனவு நிறைவேறிற்று என்றும், கைத்துப்பாக்கிகளால் பயனில்லை, துப்பாக்கிகளும் வெடிமருந்தும் வேண்டும் என்றும் அதில் தெரிவித்திருந்தார்.

மே 8ஆம் நாள், மிலா தெரு 18ஆம் எண் வீட்டின் கீழிருந்த நிலவறையை எதிரிகள் கண்டுபிடித்து நச்சுப்புகை செலுத்தினர். அனியேலெவிச், மீரா, தோழர் பலர் அங்கேயே உயிர் துறந்தனர். அவருக்கு வயது 24கூட நிரம்பியதோ இல்லையோ! அவ்விடத்தில் இன்று இடிபாடுகளாலான மேடும் நினைவுக் கல்லும் உள்ளன.

சிலர் கழிவுநீர்க் கால்வாய்களின் வழியே தப்பினர். அவர்களுள் ஒருவர் சீவியா லுபெட்கின் என்னும் பெண் போராளி. அவரும் சுக்கர்மனும் பிற தோழரும் 1949இல் இஸ்ரேலின் வடபகுதியில் ஒரு கூட்டுப் பண்ணைக் குடியிருப்பையும், அதனுள் ஓர் அருங்காட்சியகத்தையும் நிறுவினர். வார்சாவில் கவிஞராகவும் ஆசிரியராகவும் விளங்கி, நாஜிகளால் கொல்லப்பட்ட இட்சாக் கட்சனெல்சனின் பெயரை அதற்குச் சூட்டினர். சிறுவர்களுக்கென்றே தனி அருங்காட்சியகம் ஒன்றும் பின்னாளில் அங்கு எழுந்தது.