எமிலி ஜோலாவும் மூடிய ஜன்னலும்

எமிலி ஜோலா பிரான்ஸ் நாட்டின் புகழ்பெற்ற எழுத்தாளர். 1840 ஏப்ரல் 2-ல் பாரிஸில் பிறந்தார். சின்ன வயசிலேயே அப்பா இறந்துவிட்டதால் வறுமையில் வளர்ந்தார். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகள் படும் பாட்டை 1885-ல் 'ஜெர்மினல்' என்ற நாவலாக எழுதினார்.

டிரைபஸ் என்ற ராணுவ அதிகாரியைச் செய்யாத குற்றத்துக்காகச் சிறையில் போட்டாங்க. 1898-ல் ஜோலா ஜனாதிபதிக்கே பகிரங்கக் கடிதம் எழுதி நியாயம் கேட்டார். அதுக்காக அவருக்கே தண்டனை கிடைத்தது. ஆனாலும் அவர் பின்வாங்கலை.

யாருக்கும் பயப்படாத அவர் இறந்தது எப்படி தெரியுமா? 1902 செப்டம்பர் 28 இரவு, குளிருக்காகப் படுக்கையறையில் கரி நெருப்பு மூட்டியிருந்தாங்க. ஜன்னல்கள் மூடியிருந்தன. புகைபோக்கி வழியாகப் புகை சரியாக வெளியேறலை. போதுமான காற்று இல்லாமல் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனுக்கு உரிய இடத்தை இது பிடிச்சுக்கும். மறுநாள் காலையில் மனைவி பிழைத்துக்கொண்டார். ஜோலா இறந்துவிட்டார். அப்போது வயது 62. டிரைபஸ் நிரபராதி என்று 1906-ல் தீர்ப்பு வந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.

கரியில் மட்டும் இல்லை, கேஸ் ஹீட்டரிலும் கேஸ் கீசரிலும் இதே ஆபத்து உண்டு. அதனால் நண்பர்களே, குளிருதுன்னு ஜன்னலையும் வென்டிலேட்டரையும் அடைக்காதீங்க. புகை போகும் குழாயில் அடைப்பு இருக்கான்னு ஆள் வைத்துப் பாருங்க. தலைவலி, மயக்கம், குமட்டல் வந்தா உடனே எல்லாரும் வெளியே வந்துடுங்க.

காற்று வர வழி விடுவோம், உயிரைக் காப்போம்!

- 9-ஆம் வகுப்பு மாணவி