பாப் ஷாவும் மெதுவான கண்ணாடியும்

பாப் ஷா என்றதும் “யாரு, பெர்னார்ட் ஷாவுக்குச் சொந்தமா?” என்று கேட்டுவிடாதீர்கள். இவரும் அயர்லாந்துக்காரர்தான், ஆனால் நம்ம ஆளு. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்!

1931 டிசம்பர் 31-ல் பெல்ஃபாஸ்ட் நகரில் பிறந்தார். அப்பா போலீஸ்காரர். பதினொரு வயதில் ‘அஸ்டவுண்டிங்’ என்ற அமெரிக்க விஞ்ஞானக் கதைப் பத்திரிகை கையில் கிடைத்தது. அன்று பிடித்த பைத்தியம் கடைசிவரை தெளியவில்லை.

1950-ல் அதே ஊரில் வால்ட் வில்லிஸ் என்பவர் வீட்டில் கூடிய ரசிகர் கூட்டத்தில் சேர்ந்தார். விரல் விட்டு எண்ணிவிடலாம், அவ்வளவு பேர்தான். தாங்களே எழுதி, தாங்களே அச்சடித்து, கடல் கடந்து தபாலில் அனுப்புவார்கள். சைக்ளோஸ்டைல் மை கையில் ஒட்டின சீனியர்களுக்கு அந்த சுகம் புரியும். 1954-ல் வில்லிஸும் ஷாவும் சேர்ந்து எழுதிய ‘தி என்சான்டட் டூப்ளிகேட்டர்’, நல்ல ரசிகனாக வேண்டும் என்று மந்திர சைக்ளோஸ்டைல் மெஷினைத் தேடிப் போகிற பையனின் கதை.

அதே வருஷம் காசு கொடுக்கிற பத்திரிகையிலும் முதல் கதை வந்தது. ஆனால் குடும்பம், குழந்தைகள், 1956 முதல் 1958 வரை கனடாவில் உத்தியோகம், திரும்பி வந்து விமான டிசைன் என்று போனதில் பேனா மூலையில் கிடந்தது. நமக்குத் தெரியாத கதையா!

1966-ல் ‘லைட் ஆஃப் அதர் டேஸ்’ வெளியானது. எதைப் படித்துப் பைத்தியம் பிடித்ததோ அதே பத்திரிகையில். பெயர் மட்டும் ‘அனலாக்’ என்று மாறியிருந்தது. லேபில் நாம் பார்த்த கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5. ஷா அதை எங்கேயோ கொண்டுபோய் விட்டார். அவருடைய கண்ணாடியைக் கடந்து வர ஒளிக்கு வருஷக்கணக்கில் ஆகும். ஏரிக்கரையில் பத்து வருஷம் வைத்துவிட்டு நகரத்து ஜன்னலில் மாட்டினால், அடுத்த பத்து வருஷம் ஜன்னலில் ஏரி தெரியும். அதை விற்கும் ஒருவர் தன் வீட்டு ஜன்னல் வழியே மனைவியையும் குழந்தையையும் பார்த்துக்கொண்டே இருக்கிறார். இருவரும் விபத்தில் இறந்து வருஷங்களாகின்றன. அவ்வளவுதான் கதை.

நம்ம ஹாஸ்டல் மெஸ் ஜன்னலில் அப்படி ஒன்றை அன்றே மாட்டியிருக்கலாம். எங்கள் பேட்ச்சில் இரண்டு பேரை இனி அதில்தான் பார்க்க முடியும்.

நோயில் ஒரு தடவை பார்வையே போக இருந்து தப்பியவர் ஷா. ஒற்றைத் தலைவலி வந்தால் காட்சி கலங்கும் தொல்லையும் ஆயுளுக்கும் உண்டு. 1967-ல் வந்த முதல் நாவல் ‘நைட் வாக்’கின் நாயகன், கண்ணிழந்தபின் பிற உயிர்களின் கண் வழியே பார்க்கிறவன். ‘ஆர்பிட்ஸ்வில்’ வெளிவந்த 1975-ல் முழுநேர எழுத்தாளரானார். அந்த நாவலுக்கு பிரிட்டிஷ் சயன்ஸ் ஃபிக்ஷன் சங்கத்தின் விருது கிடைத்தது.

நாவலாசிரியர் ஆனதும் பழைய கூட்டத்தை உதறிவிடவில்லை. மாநாடுகளில் சீரியஸான விஞ்ஞானப் பேச்சு என்று அறிவித்துவிட்டு, வந்தவர்கள் வயிறு வலிக்கச் சிரிக்கும்படி பேசுவார். ஹியூகோ பரிசு 1979, 1980 என்று இரண்டு முறை வந்தது. இரண்டும் நாவலுக்கு இல்லை, ரசிகராக எழுதியதற்கு!

1991-ல் மனைவி சேடி இறந்தார். 1995-ல் மறுமணம் செய்துகொண்டு அமெரிக்கா போனவர், புற்றுநோயோடு இங்கிலாந்து திரும்பி 1996 பிப்ரவரி 11-ல் காலமானார். புத்தகம் கிடைத்தால் அந்தக் கண்ணாடிக் கதையை மட்டுமாவது படித்துப் பாருங்கள். அரை மணி நேரம் போதும்.