“ராணி” கோஷ்டியின் ராஜா

1981-ம் ஆண்டு அக்டோபர் மாதம் இங்கிலாந்தில் ஓர் இசைத்தட்டு வெளிவந்தது.

“குயின்” என்ற ராக் இசைக் கோஷ்டி அதுவரை பாடிப் புகழ் பெற்ற 17 பாட்டுகள் அதில் இருந்தன. “குயின்” என்றால் ராணி என்று பொருள்.

அந்த நாட்டில் மிக அதிகமாக விற்ற இசைத் தொகுப்பு அதுதான். 2022-ல் விற்பனை 70 லட்சத்தை எட்டியது. கோஷ்டியின் மற்றத் தட்டுகளை வாங்காதவர்கள்கூட இந்த ஒரு தட்டை வாங்கினார்கள்.

காரணம் என்ன? ஒரு பாட்டைப் போல இன்னொரு பாட்டு இல்லை. ஒன்று இசை நாடகம் போல இருக்கும். ஒன்றில் கைதட்டலும் காலடி ஓசையுமே தாளம். இன்னொன்றில் சைக்கிள் மணி ஒலிக்கும்!

பதினேழில் 10 பாட்டுகளை எழுதியவர் ஒருவரே. முன்நின்று பாடியவரும் அவரே. அவர்தான் பிரெடி மெர்க்குரி.

கேலி

அவருடைய சொந்தப் பெயர் பரோக் பல்சாரா. பார்சி குடும்பம். ஆப்பிரிக்காவை அடுத்த சான்சிபார் தீவில் 1946 செப்டம்பர் 5-ந் தேதி பிறந்தார். தந்தை அங்கே அரசாங்கக் காசாளர்.

சிறு வயதிலேயே பையனைக் கப்பல் ஏற்றி, மராட்டிய மலையூரான பஞ்சகனியில் விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே பியானோ கற்றார்.

அவருக்கு மேல் வாயில் 4 பற்கள் அதிகம். முன்பற்கள் துருத்தி நின்றன. மற்றப் பிள்ளைகள் கேலி செய்தார்கள். பிற்காலத்தில் பணம் குவிந்தபோதும் அந்தப் பற்களை எடுக்க அவர் சம்மதிக்கவில்லை. குரல் கெட்டுவிடுமோ என்று பயம்!

1964-ல் சான்சிபாரில் புரட்சி வெடித்தது. குடும்பம் வீட்டை விட்டு லண்டனுக்கு ஓடியது. பரோக் ஓவியக் கல்லூரியில் படித்தார். சந்தையில் துணி விற்றார். 1970-ல் நண்பர்களோடு கோஷ்டியைத் தொடங்கினார். அதற்குப் பெயர் வைத்தவரும், சின்னம் வரைந்தவரும் அவரே.

ஆறு நிமிடப் பாட்டு

1975-ல் “போகீமியன் ராப்சடி” என்ற பாட்டை எழுதினார். ஏறக்குறைய 6 நிமிடம்! ரேடியோவில் 3 நிமிடப் பாட்டுகளே வழக்கம். நீளத்தைக் குறைக்கும்படி இசைத்தட்டுக் கம்பெனியார் வற்புறுத்தினார்கள். கோஷ்டியார் மறுத்துவிட்டார்கள்.

பாட்டு வெளிவந்தது. 9 வாரங்கள் முதல் இடத்தில் நின்றது. 17 பாட்டுத் தட்டிலும் அதுவே முதல் பாட்டு.

கடைசி வரை

1985 ஜூலை 13-ந் தேதி எத்தியோப்பியா பஞ்ச நிவாரண நிதிக்காக லண்டன் வெம்ப்லி மைதானத்தில் பாடினார். சுமார் 20 நிமிடம்தான். எழுபதாயிரம் பேரும் அவரோடு சேர்ந்து கைதட்டினார்கள்.

பின்னர் அவரை எய்ட்ஸ் நோய் பற்றியது. அதைக் கட்டுப்படுத்த அந்நாளில் தக்க மருந்து இல்லை. நிற்கவே முடியாத நிலையிலும் அவர் பாடிப் பதிவு செய்தார்.

1991 நவம்பர் 23-ந் தேதி தம் நோயை உலகுக்கு அறிவித்தார். மறுநாள் காலமானார். வயது 45. பார்சி முறைப்படி இறுதிச் சடங்கு நடந்தது.

இன்றும் பந்தய மைதானங்களில், வென்றவர்களைப் பாராட்ட அவர் பாட்டு முழங்குகிறது. யார் பாடியது என்று தெரியாதவர்களும் சேர்ந்து பாடுகிறார்கள்.

பல்லைக் காட்டிக் கேலி செய்யப்பட்ட பையனின் குரல்தான் அது!