கதிரொளி தந்த அம்மையார்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி

இவ்வாண்டு மலருக்கு ஒரு பெரியாரின் வரலாற்றை எழுதித் தருமாறு சங்கத்தார் பணித்தபோது நாம் முதலில் தயங்கினோம். மெட்ரிகுலேஷன் அளவே கற்று, ரயில்வே அலுவலகத்தில் பதிவேடுகளோடு காலங்கழிப்பவர் நாம். ஆயினும் நம் மேசைக்கு அடிக்கடி வரும் ஒரு காகிதம் அப்பொழுது நினைவுக்கு வந்தது. புற்றுநோயாளர் சிகிச்சைக்காகப் பயணம் செய்யுங்கால், கட்டணச் சலுகைக்கென மருத்துவமனையார் அளிக்கும் சான்று அது. நாகர்கோவிலிலிருந்தும் நெல்லையிலிருந்தும் திருவனந்தபுரத்து ஆர்.சி.சி.க்கு வந்து போகும் நம்மவர் பலரின் கையில் அதைக் காண்கிறோம். காணுந்தோறும் நம் நெஞ்சில் எழும் பெயர் ஒன்றுண்டு. அதுவே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் திருப்பெயர்.

அம்மையார் 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாயார் சந்திரம்மாள் இசை வேளாளர் குலத்தவர். பெண்கள் பூப்பெய்தியதும் பள்ளியை விட்டு நிறுத்தப்பட்ட காலம் அது. அம்மையாரோ வீட்டிலிருந்தே பயின்று மெட்ரிகுலேஷன் தேறினார். ஆண்கள் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதற்கு எதிர்ப்புக் கிளம்பியது. மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அனுமதி அளித்ததோடு உதவித்தொகையும் நல்கினார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த அம்மையார், 1912இல் சிறப்புடன் தேர்ச்சி பெற்று மருத்துவரானார். 1914இல் டாக்டர் சுந்தர ரெட்டியாரை மணந்தார். மனைவியைத் தமக்குச் சமமாக மதிப்பதாக ரெட்டியார் இசைந்த பின்னரே அத்திருமணம் நிகழ்ந்தது.

இவ்வாறு சீராகச் சென்ற வாழ்வில் 1923இல் ஒரு பேரிடி விழுந்தது. அம்மையாரின் அருமைத் தங்கை மலக்குடல் புற்றுநோயால் மாண்டார். அந்நோய் முதலில் சீதபேதி என்றே கருதப்பட்டது. உண்மை வெளிப்பட்டபோது காலம் கடந்துவிட்டது. தாமே ஒரு மருத்துவராயிருந்தும், உடன்பிறந்தாள் தம் கண்ணெதிரே உருகி மடிவதைத் தடுக்க இயலாத துயரம் அம்மையாரை வாட்டியது. அத்துயரமே பின்னர் உறுதியாக மாறிற்று. 1925இல் இங்கிலாந்து சென்று மாதர், குழந்தைகள் நோய்களைப் பற்றி மேற்பயிற்சி பெற்ற அம்மையார், அங்குப் புற்றுநோய்ச் சிகிச்சை நடைபெறும் முறையையும் கண்டறிந்தார். உரிய காலத்தில் கண்டால் இந்நோய் தீரும் என்பது அவருக்கு விளங்கியது.

நாடு திரும்பிய பின் பொதுவாழ்வு அவரை அழைத்தது. சென்னை மாகாணச் சட்டசபையின் முதற் பெண் உறுப்பினராகவும் உபதலைவராகவும் விளங்கினார். தேவதாசி முறையை ஒழிக்க அவர் தொடங்கிய போராட்டம் 1947இல் சட்டமாகக் கனிந்தது. காந்தியடிகள் சிறைப்பட்டபோது, 1930இல், அப்பதவியைத் துறந்தார். ஆதரவற்ற பெண்களுக்காக ஔவை இல்லத்தை நிறுவினார். இத்தனை பணிகளுக்கிடையேயும் தங்கையின் நினைவு அவரை விட்டகலவில்லை.

1935இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோய்க்கெனத் தனி மருத்துவமனை வேண்டும் என்னும் தம் எண்ணத்தை அம்மையார் வெளியிட்டார். அந்நோய் கண்டவர் எப்படியும் இறப்பவர்தாமே, அவர்க்குத் தனி மருத்துவமனை எதற்கு என்னும் மனப்பான்மை படித்தவரிடமும் நிலவிய காலம் அது. அம்மையார் மனந்தளராது, இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் நிதி திரட்டினார். 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள், 12 படுக்கைகளோடு அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை பிறந்தது. அம்மையாரின் மகனார் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் இளம் மருத்துவர் சாந்தாவும் அதனைத் தோளில் சுமந்தனர்.

1950களின் பிற்பகுதியில் அங்கு நிறுவப்பட்ட கோபால்ட் இயந்திரம் இந்நாட்டுக்கே புதியது. கோபால்ட்-60 என்னும் பொருளிலிருந்து காமாக் கதிர்கள் இடைவிடாது வெளிப்படும். கனத்த ஈயக்கூட்டினுள் அதனை அடக்கி, வேண்டும் நேரத்தில் மட்டும் சிறு வழியைத் திறந்து, கட்டியின்மேல் கதிரைச் செலுத்துவர். விரைந்து பெருகும் நோயணுக்கள் அக்கதிரால் சிதைந்து பெருக்கம் இழக்கின்றன. நல்லணுக்களோ பெரும்பாலும் தம்மைச் சரிசெய்துகொள்ள வல்லவை. அதற்கு இடங்கொடுப்பதற்காகவே மொத்த அளவையும் ஒரே நாளில் தராமல், பல வாரங்களுக்குப் பகிர்ந்து நாளொன்றுக்குச் சிறிது சிறிதாகத் தருகின்றனர். நம் மக்கள் கரண்ட் வைப்பது என்று கூறி அஞ்சும் சிகிச்சை இதுவே. கதிர் பாயும்போது வலியில்லை. சில நிமிடங்களில் முடிந்துவிடும். சோர்வும் தோலில் எரிச்சலும் பின்னர் வரக்கூடும்; அவை பெரும்பாலும் நாளடைவில் தணியும்.

அம்மையார் 1956இல் பத்மபூஷண் விருது பெற்று, 1968ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள் மறைந்தார். அவர் ஊன்றிய விதை வளர்ந்துகொண்டே சென்றது. 1976இல் அடையாற்று மருத்துவமனை, மின்னாற்றலால் கதிரை உண்டாக்கும் லீனியர் ஆக்சிலரேட்டர் இயந்திரத்தை நிறுவியது. சுவீடன் நாட்டு மருத்துவர் லெக்செல் வகுத்த மற்றொரு முறையில், பல திசைகளிலிருந்து வரும் மெல்லிய கதிர்கள் மூளையில் ஒரே புள்ளியிற் கூடுகின்றன. தனித்தனியே அவை வலிமை குன்றியவை. கூடுமிடத்திலோ கத்திபோல் வேலை செய்கின்றன. மண்டையோட்டைத் திறவாமலே செய்யும் இதனைக் கதிர் அறுவை என்பர். நம் திருவனந்தபுரத்தில் 1981இல் ஆர்.சி.சி. நிறுவப்பட்டதால், நாம் சென்னை வரை செல்லாமலே கதிர்ச் சிகிச்சை பெறும் வாய்ப்பு அண்டையில் அமைந்தது.

இங்கு ஒன்றை வெட்கத்தோடு சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நம் காலனியில் ஒரு தாயார் கதிர்ச் சிகிச்சை முடித்து வீடு திரும்பினார். அவர் உடலில் கதிர் தங்கியிருக்கும் என்று எவரோ கூற, எம் வீட்டுக் குழந்தைகளை அங்கே விளையாட அனுப்பாமல் நாமே நிறுத்தினோம். அவ்வம்மையாருக்கு அவர் வீட்டிலேயே தட்டும் தம்ளரும் தனியாக வைக்கப்பட்டன. வெளியிலிருந்து செலுத்தும் கதிர், இயந்திரம் நின்றதும் நின்றுவிடுகிறது. நோயாளரிடமிருந்து பிறர்க்குத் தொற்றுவதில்லை என்பதைப் பின்னரே அறிந்தோம். கதிர்ப்பொருளை உடலுக்குள் வைத்துச் செய்யும் சில முறைகளில் மட்டும் சிறிது காலம் கட்டுப்பாடு உண்டு. அதனை மருத்துவரே கூறுவார். அத்தாயாரை நோய் வருத்தியதைவிட நம் அறியாமை மிகுதியாக வருத்தியிருக்கும். இப்பொழுது எம் குழந்தைகள் அவர் மடியிலேயே கதை கேட்கின்றனர்.

அன்பர்களே, அம்மையாரின் தங்கையைக் கொண்டுபோனது நோய் மட்டுமன்று. காலந்தாழ்த்தி அறிந்ததும் ஆகும். ஆறாத புண், வலியில்லாத கட்டி, காரணமின்றிக் கசியும் இரத்தம், மலம் கழிப்பதில் நீடித்த மாறுதல் ஆகியவற்றை மூலம் என்றும் சூடு என்றும் நாமே முடிவு செய்து மறைத்தல் தகாது. குறிப்பாக நம் பெண்கள் நாணத்தால் ஒளித்தல் கூடாது. பயணச் செலவை எண்ணித் தயங்குவோர் இருப்பின், சலுகைச் சான்றினைப் பெறும் வழியை எடுத்துரைக்க நாம் என்றும் காத்திருக்கிறோம். அலுவலக நேரம் பார்க்க வேண்டியதில்லை. வீட்டுக் கதவைத் தட்டலாம். தம் வீட்டுத் துயரை ஊரார் துயர் துடைக்கும் கருவியாக்கிய அம்மையாரின் புகழ் வாழ்க!