வானிலை அறிக்கைக்குப் பின்னால் ஒரு பெண்: அன்னா மணி

மாரி தொடங்கிவிட்டால், வானொலியில் வானிலை அறிக்கை வரும் நேரம் எங்கள் வீடு அமைதியாகிவிடும். கடலுக்குப் போகிறவர்களுக்கும், வாவி கடந்து படுவான்கரை வயலுக்குப் போகிறவர்களுக்கும் அந்தச் சில நிமிடங்கள் முக்கியமானவை. 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைச் சின்னாபின்னமாக்கிய சூறாவளி, நான் பிறப்பதற்கு முன் அடித்தது. அதன் கதையை அம்மா சொல்லக் கேட்டு வளர்ந்தவள் நான்.

அறிக்கையை வாசிப்பவரின் குரல் எமக்குப் பழக்கமானது. அந்த அறிக்கைக்கு ஆதாரமான எண்கள் பிழைக்கக்கூடாது என்பதற்காக, அயல்நாடான இந்தியாவில் வாழ்நாள் முழுவதும் உழைத்த ஒரு பெண்ணை எமது மாணவியர் அறிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை.

அன்னா மணி 1918 ஆகஸ்ட் 23ஆம் திகதி திருவிதாங்கூரின் பீருமேட்டில் பிறந்தார். தந்தையார் பொறியியலாளர். எட்டுப் பிள்ளைகளில் இவர் ஏழாமவர். எட்டாவது பிறந்தநாளுக்கு வீட்டார் வைரத்தோடு கொடுக்க, அது வேண்டாமென்று பிரித்தானிக்கா கலைக்களஞ்சியத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகவியல் கற்று 1939 இல் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு பெங்களூரில் சேர். சி. வி. ராமனின் ஆய்வுகூடத்தில் இடம் கிடைத்தது. வைரத்தோட்டை மறுத்தவருக்கு அங்கே வைரங்களே ஆய்வுப்பொருளாயின. ஒரு நிறமாலையைப் படத்தட்டில் பதிக்கப் பதினைந்து, இருபது மணித்தியாலங்கள் செல்லும். இரவிரவாக வேலை செய்து, ஐந்து ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்டார். ஆனால் 1945 இல் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வேட்டைச் சமர்ப்பித்தபோது, முதுவிஞ்ஞானமாணிப் பட்டம் இல்லை என்பதைக் காரணம் காட்டிச் சென்னைப் பல்கலைக்கழகம் அதை வழங்கவில்லை. கலாநிதிப் பட்டம் அவருக்குக் கிடைக்கவேயில்லை.

அவர் அதனால் துவண்டு போகவில்லை. பௌதிகவியலைத் தொடரவே விரும்பினார். கிடைத்ததோ வானிலைக் கருவிகள் பற்றிப் படிப்பதற்கான புலமைப்பரிசில். அதை ஏற்று இலண்டன் சென்றார். 1948 இல் திரும்பி, பூனாவில் இந்திய வானிலைத் திணைக்களத்தின் கருவிகள் பிரிவில் சேர்ந்தார். அக்காலத்தில் சாதாரண கருவிகள்கூட வெளிநாட்டிலிருந்தே வந்தன. 1953 இல் அப்பிரிவின் தலைவியானபோது 121 ஆண்கள் அவரின் கீழ் பணியாற்றினர். ஏறக்குறைய நூறு கருவிகளுக்கான வரைபடங்களை ஒழுங்குபடுத்தி, உள்நாட்டிலேயே செய்ய வழிவகுத்தார்.

இது ஏன் பெரிய காரியம்? பல நிலையங்களின் பாரமானிகள் காட்டும் அமுக்கத்தை வரைபடத்தில் குறித்துத்தான் தாழமுக்கத்தின் மையத்தைக் கண்டுகொள்கிறார்கள். ஒரு கருவி பிழைத்தால் கோடு பிழைக்கும். கோடு பிழைத்தால் எச்சரிக்கையும் பிழைக்கும். அளவே எடுக்காமல் விடுவதைவிடப் பிழையான அளவு கேடானது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். பிழையான இரத்த அழுத்தமானியை நம்பி மருந்து எழுதினால் என்னவாகும் என்று அறிந்த வைத்தியர் எவரும் அதை மறுக்கமாட்டார்.

1957–58 சர்வதேச புவிப்பௌதிக ஆண்டில் சூரியக் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை நிறுவினார். ஓசோனை அளக்கும் கருவியை உருவாக்கினார். தும்பா ரொக்கெட் ஏவுதளத்தில் வானிலை அவதானிப்பு நிலையத்தை அமைத்தவரும் அவரே. பிரதிப் பணிப்பாளர் நாயகமாக உயர்ந்து 1976 இல் ஓய்வு பெற்றார். பின்னரும் இந்தியாவின் சூரிய ஒளியையும் காற்றையும் அளந்து நூல்களாக்கினார். காற்றாலைகளுக்கு இடம் தேடுவோருக்கு அவை வழிகாட்டின. திருமணம் செய்யாமல் ஆய்வோடு வாழ்ந்த அவர், 2001 ஆகஸ்ட் 16ஆம் திகதி திருவனந்தபுரத்தில் காலமானார்.

இன்று படிக்கும் தங்கச்சிமாருக்கு ஒரு வார்த்தை. விரும்பிய துறை கிடைக்காமற் போகலாம். உரிய பட்டமும் கைநழுவலாம். கையில் வந்த வேலையைப் பிழையறச் செய்தவரின் கதை இது. எமது சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள்: இந்த நூற்றாண்டில் பாடசாலை முற்றத்தில் ஒரு மழைமானி வைப்போம். நாள்தோறும் காலை எட்டரைக்கு ஒரு மாணவி அதைப் பார்த்துக் கொப்பியில் எழுதட்டும். பிழையில்லாமல் எழுதட்டும்.